ஈரம் காட்டும் கருவியும் கரிசல் மண்ணும்

எடை போடுவதைத் தொழிலாகக் கொண்டோர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. தராசு என்று பெயர் பெற்றவையெல்லாம் தராசு ஆகிவிடமாட்டா. சரக்கு நிலையங்களில் வண்டிகளை நிறுக்கும் எடைமேடையை வாசகர்களிற் பலர் பார்த்திருப்பர். எடை முன்னரே தெரிந்த சோதனை வண்டியொன்றை அதன்மேல் நிறுத்திச் சரிபார்த்த பின்னரே அது காட்டும் எண்ணை ஏட்டில் ஏற்றுவது முறை. ஒவ்வொரு சரக்கு வண்டியின் பக்கப் பலகையிலும் அதன் வெற்று எடை வெள்ளை வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கும். மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் சரக்கின் எடை கிடைக்கும். பள்ளிப் பிள்ளையும் போடக்கூடிய இக்கணக்கு ஒரு பழத்தோட்டத்தையே காக்க வல்லது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாகபுரியிலிருந்து இட்டார்சி மார்க்கமாகச் செல்லும் வண்டியில் பயணம் செய்வோர், காட்டோல், நர்கேடு நிலையங்களை அடுத்து இருபுறமும் ஆரஞ்சுத் தோட்டங்களைக் காணலாம். நாகபுரி ஆரஞ்சு 2014-ல் புவிசார் குறியீடு பெற்றது. அண்மைக் காலமாக இத்தோட்டங்களில் மண்ணின் ஈரத்தைக் காட்டும் மின் உணரிகள் வந்திருக்கின்றன. மண்ணுக்குள் ஒரு தகடு, வெளியே ஒரு சிறு பெட்டி, கையிலுள்ள தொலைபேசியில் ஓர் எண்: இவ்வளவே கருவி. அந்த எண்ணைப் பார்த்து நீர் விடலாம், நிறுத்தலாம். வசதி பெரிதுதான். ஆயின், அந்த எண் எதனைக் குறிக்கிறது என்று கேட்டறிந்தவர் சிலரே.

அளவு தவறினால் விளைவது யாது?

ஆரஞ்சு மரம் தண்ணீரை விரும்பும். தேங்கிய தண்ணீரை வெறுக்கும். அதன் உணவு வேர்களிற் பெரும்பாலானவை மேல்மண்ணின் முதல் ஓரடி, ஒன்றரை அடிக்குள் பரவுகின்றன. அவ்விடத்தில் ஈரம் ஓயாது நிறைந்திருப்பின், பைட்டாப்தோரா என்னும் நோய்க்கிருமி வேரையும் அடிமரத்தையும் பற்றிக்கொள்கிறது. வேர் அழுகும், அடிமரத்தில் பிசின் வடியும், இலை மஞ்சளித்து உதிரும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழிக்கு இதனினும் பொருத்தமான சான்று வேண்டுமோ?

தண்ணீர் குறைந்தாலும் கேடுதான். இப்பகுதி உழவர்கள் மரத்தைப் பூக்கச் செய்வதற்குக் கையாளும் முறையே ஈரத்தைக் கணக்காகக் குறைப்பதில் அடங்கியிருக்கிறது. குளிர்காலத்தில் பாசனத்தைச் சில வாரம் நிறுத்தி, மரம் சற்று வாடியதும் மீண்டும் நீர் பாய்ச்சினால், சனவரி, பிப்ரவரியில் பூ வெடிக்கும். இதற்கு ஆம்பியா பஹார் என்று பெயர். கோடையில் வாட்டம் கண்டு, மழை தொடங்கியதும் பூப்பது மிருக் பஹார். வாட்டம் போதாவிடில் பூ வாராது. மிகுந்துவிடின் கிளைகள் காயும். ஆழமற்ற மண்ணில் சில நாளில் வரும் வாட்டம், ஆழமான கரிசலில் பல வாரம் கழித்தே வரும். ஆகவே நாட்காட்டியைப் பார்த்து மட்டும் இதனைச் செய்துவிட இயலாது. மண்ணுக்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை அறிந்தாக வேண்டும்.

கருவி அளப்பது எதனை?

இன்று மலிவாகக் கிடைக்கும் உணரிகளிற் பெரும்பாலானவை மின்தேக்கி வகையைச் சார்ந்தவை. இவை தண்ணீரை நேராக அளப்பதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் மின்காப்பு மாறிலி என்று ஓர் எண் உண்டு. காற்றுக்கு அது 1. உலர்ந்த மண்ணுக்கு ஏறத்தாழ 3 முதல் 5 வரை. தண்ணீருக்கோ 80 அளவில் இருக்கும். மண்ணில் நீர் கூடக் கூட அதன் மின்காப்பு மாறிலியும் கூடுகிறது. உணரி அக்கூடுதலை உணர்ந்து ஒரு மூல எண்ணைத் தருகிறது. சில கருவிகளில் ஈரம் ஏற ஏற இந்த மூல எண் இறங்கும். அந்த எண்ணை ஈரச் சதவிகிதமாக மாற்றுவது கருவிக்குள் எழுதப்பட்டிருக்கும் ஒரு வாய்பாடு.

இம்மாற்றத்திற்குப் பெயர்போன சமன்பாட்டை 1980-ல் கனடா நாட்டு அறிஞர் டாப் என்பாரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்டனர். சாதாரணத் தாது மண் பலவற்றுக்கு அது நன்கு பொருந்துகிறது. ஆனால் களிமண் மிகுந்த நிலத்திலும், உப்பு மிகுந்த நிலத்திலும், மட்கு மிகுந்த நிலத்திலும் அது பிசகுகிறது. மலிவான உணரிகள் குறைந்த அதிர்வெண்ணில் இயங்குவதால், மண்ணின் உப்பும் களியும் அவற்றைப் பின்னும் எளிதில் ஏமாற்றிவிடுகின்றன. விதர்ப்பத்துக் கரிசலோ களி மிகுந்த மண். அதனால் தொழிற்சாலை வாய்பாட்டை அப்படியே நம்புவது, சோதனை வண்டி ஏறாத எடைமேடையை நம்புவதை ஒக்கும்.

காற்றும் ஒரு குவளைத் தண்ணீரும்

நம் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கோவில்பட்டிப் பக்கத்தைச் சேர்ந்தவர். கரிசலில் பிறந்தவர் ஆதலின், கரிசல் கண்ட இடத்திலேயே தங்க விரும்பி, ஓய்வூதியத் தொகையைக் கொண்டு காட்டோலை அடுத்து இரண்டரை ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டம் வாங்கினார். உணரிகளை விற்றவர்களே வந்து பொருத்தித் தந்தனர். கருவியைக் காற்றில் பிடித்தபோது வந்த எண்ணைச் சுழி என்றும், ஒரு குவளைத் தண்ணீரில் நிறுத்தியபோது வந்த எண்ணை நூறு என்றும் அவர்கள் குறித்துவிட்டனர். தொலைபேசியில் எண் 55-க்கு இறங்கினால் நீர் விடுக என்பது அவர்கள் சொல்லிச் சென்ற விதி.

பெரியவர் அவ்விதியை வழுவாது கைக்கொண்டார். இரண்டாம் ஆண்டில் தோட்டத்தின் தாழ்ந்த பகுதியில் பதினான்கு மரங்கள் மஞ்சளித்தன. சிலவற்றில் பிசின் வடிந்தது. கருவியோ எப்போதும் பாதி ஈரமே காட்டிக்கொண்டிருந்தது. "பாதி காலியாக இருக்கும் மண்ணில் வேர் எப்படித் தம்பி அழுகும்?" என்று அவர் கேட்டார். அக்கேள்விக்கு விடை காணவே நாம் மூவர், ஞாயிறுதோறும் காட்டோல் போய் வரலானோம்.

விடை எளியது. குவளையில் உள்ளது முழுவதும் தண்ணீர். மண்ணிலோ ஏறக்குறையப் பாதி இடத்தைத் திடப்பொருளே அடைத்துக்கொண்டிருக்கிறது. எஞ்சிய துளைகள் அனைத்தும் நீரால் நிரம்பினாலும், கன அளவில் ஐம்பது சதவிகிதத்தை ஒட்டியே நிற்கும். ஆகவே எந்த மண்ணும் குவளையின் நூறை எட்டப்போவதில்லை. நிறைந்த மண்ணே அக்கருவிக்குப் பாதி மண்ணாகத் தோன்றும். கருவி பழுதன்று, அதற்குக் கற்பித்த அளவே தவறு.

டப்பாவும் தராசும் அடுப்பும்

மண்ணின் ஈரத்தை ஐயமின்றி அறிய உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட வழி, ஈரமண்ணை நிறுத்து, உலர்த்தி, மறுபடி நிறுப்பதே. ஏனைய கருவிகள் யாவும் இதனோடு ஒப்பிட்டே திருத்தப்படுகின்றன. வேண்டுவன: இருபுறமும் திறந்த இரும்பு வளையம் ஒன்று, மூடியுள்ள சில டப்பாக்கள், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, வெப்பம் நிலைநிறுத்தும் அடுப்பு. வளையம் 5 சென்டிமீட்டர் குறுக்களவும் 5 சென்டிமீட்டர் உயரமும் உடையதாயின், அதன் கொள்ளளவு ஏறத்தாழ 98 கன சென்டிமீட்டர்.

உணரியைப் புதைத்த ஆழத்திலேயே, அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, வளையத்தை மண்ணில் அழுத்தி எடுக்க வேண்டும். அதே வேளையில் உணரியின் மூல எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வளையத்து மண்ணைச் சிந்தாமல் டப்பாவிலிட்டு, மூடி, உடனே நிறுக்க வேண்டும். பிறகு மூடியைத் திறந்து 105 பாகை சென்டிகிரேடில் 24 மணி நேரம் உலர்த்த வேண்டும். களிமண் நீரை எளிதில் விடாது; ஆதலின் இருமுறை நிறுத்தும் எடை மாறாதிருந்தால்தான் உலர்ந்ததாகக் கொள்ளலாம். வெயிலில் காயவைப்பது போதாது. கைக்குப் பொடியாகத் தோன்றும் கரிசலிலும் கணிசமான நீர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எமது ஏட்டிலிருந்து ஓர் உதாரணம் தருகிறோம். டப்பாவின் வெற்று எடை 40 கிராம். ஈரமண்ணுடன் 202 கிராம். உலர்ந்த மண்ணுடன் 164 கிராம். ஆகவே போன நீர் 38 கிராம். உலர்மண் 124 கிராம். ஒரு கிராம் நீர் ஒரு கன சென்டிமீட்டர் இடம் கொள்ளும் ஆதலால், 38-ஐ 98-ஆல் வகுத்தால் கன அளவில் ஈரம் 39 சதவிகிதம். உலர்மண் 124-ஐ 98-ஆல் வகுத்தால் வருவது மண்ணின் பருமன் அடர்த்தி, 1.27. எடைக்கணக்கில் ஈரம் 31 சதவிகிதமே ஆகும். அதனைப் பருமன் அடர்த்தியால் பெருக்கினால் அதே 39 வந்துவிடும். எடைக் கணக்கையும் கன அளவுக் கணக்கையும் குழப்பிக்கொள்ளுதல் கூடாது. நீர் விடுவதற்கு உதவுவது கன அளவுக் கணக்கே.

ஒரு முறை எடுத்தால் போதாது. தோட்டத்தில் மரமில்லாத, புல் மண்டிய மூலையொன்றைத் தேர்ந்து, நன்றாக நனைத்து, அது சில வாரங்களில் உலர்ந்து வரும்போது எட்டு முறை, ஒவ்வொரு முறையும் மும்மூன்று டப்பாக்கள் வீதம் எடுத்தோம். மண் எடுப்பதும் மூல எண்ணைக் குறிப்பதும் காலை ஏழு மணி என்று வைத்துக்கொண்டோம். பகல் வெப்பம் ஏறினால் உணரியின் எண்ணும் ஆடும்.

ஒரு நேர்கோடு

இவ்வாறு கிடைத்த எட்டு இணை எண்களை வரைபடத் தாளில் புள்ளிகளாக இட்டு, அவற்றின் நடுவே கோடு இழுத்தோம். மூல எண் 440 ஆக இருந்தபோது மண்ணின் ஈரம் 39. மூல எண் 560 ஆனபோது 24. அஃதாவது, மூல எண் 8 ஏறினால் ஈரம் ஒரு சதவிகிதம் குறைகிறது. முழு வீச்சிலும் இவ்வுறவு நேர்கோடாக இராது. எனினும் தோட்டத்திற்கு வேண்டிய இவ்விடைவெளியில் நேர்கோடு போதுமானதாயிற்று.

அடுத்து இரண்டு எல்லைகளை அறிய வேண்டும். நன்கு நனைத்த மண்ணை ஆவியாகாதபடி மூடி வைத்து, மிகுநீர் கீழிறங்கியபின் எஞ்சும் ஈரமே வயல் கொள்திறன். கரிசலில் நீர் மெல்லவே இறங்கும் ஆதலின் மூன்று நாள் காத்திருந்தோம். அந்நிலையே மேற்சொன்ன 39. மற்றொன்று வாடல் நிலை. அதற்குக் கீழே மண்ணில் நீர் இருந்தும் வேரால் உறிஞ்ச இயலாது. இதனை வீட்டில் அளக்க வழியில்லை. மண் ஆய்வுக்கூடம் ஒன்றில் அளந்து 23 என்று தந்தார்கள். ஆகவே மரத்துக்குப் பயன்படும் நீர் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட 16 சதவிகிதமே. முப்பது சென்டிமீட்டர் ஆழ மண்ணில் இது 48 மில்லிமீட்டர் நீருக்குச் சமம்.

இதில் பாதி செலவானதும் நீர் விடலாம் என்று கொண்டால், ஈரம் 31-க்கு இறங்கும்போது, அதாவது மூல எண் 504-ஐத் தொடும்போது பாசனம் வேண்டும். திருப்பித் தர வேண்டியது 24 மில்லிமீட்டர். ஒரு மரத்தின் கீழ் நனையும் பரப்பு 10 சதுர மீட்டராயின் 240 லிட்டர். மணிக்கு 8 லிட்டர் விடும் சொட்டுவாய் நான்கு இருப்பின், ஏழரை மணி நேரம்.

பழைய விதி என்ன செய்துவந்தது என்பதும் இப்போது விளங்கிற்று. காற்றில் அக்கருவியின் மூல எண் 720, தண்ணீரில் 240. அக்கணக்கில், வயல் கொள்திறனில் நிறைந்து நிற்கும் மண் 58 என்று காட்டும்; வாடல் நிலையிலும் 32 என்று காட்டும். 55-ல் நீர் விட்ட பெரியவர், உண்மையில் 37 சதவிகித ஈரம் இருக்கும்போதே, நிறைவுக்கு இரண்டே சதவிகிதம் குறைந்த அளவிலேயே, நீர் விட்டுக்கொண்டிருந்தார். வேர்கள் மூச்சுவிட நேரமே இல்லை. புதிய கோட்டின்படி அவர் 504-ஐப் பார்த்து நீர் விடத் தொடங்கினார். அடிமரத்தில் நீர் படாதவாறு இரட்டை வட்டப் பாத்தி அமைத்து, பிசின் கண்ட இடத்தைச் சுரண்டி போர்டோ பசை பூசினார். பதினான்கில் ஐந்து மரங்கள் போய்விட்டன. மற்ற ஒன்பதும் மறு பருவத்தில் புதுத் தளிர் விட்டன.

சிறு பிசகுதானே என்று எண்ணுவோர்க்கு ஒரு கணக்குச் சொல்வோம். ஐந்து சதவிகிதம் பிசகினால், முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில் அது 15 மில்லிமீட்டர். மரமொன்றுக்கு 150 லிட்டர். ஆறு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 277 மரங்கள். ஆக, ஒவ்வொரு பாசனத்திலும் நாற்பத்தோராயிரம் லிட்டருக்கு மேல் வீண். கிணறுகள் ஆழம் போய்க்கொண்டிருக்கும் நாட்டில் இது சிறு பிசகா?

கரிசலின் குணங்கள்

கரிசலில் உணரி வைப்போர் நினைவிற் கொள்ளவேண்டிய செய்திகள் சில உள. இம்மண் ஈரத்தில் உப்பும், உலர்ச்சியில் சுருங்கும். சுருங்கும்போது பருமன் அடர்த்தியே மாறிவிடுவதால், ஒவ்வொரு முறையும் வளையத்தால் எடுத்துக் கன அளவு அறிதல் இன்றியமையாதது. மண் வெடித்து, வெடிப்பு உணரியின் பக்கமாக ஓடினால், தகட்டுக்கும் மண்ணுக்கும் இடையே காற்று புகும். கருவி அப்போது காற்றையே அளந்து, 'வறட்சி, வறட்சி' என்று கூவும். திடீரென்று எண் தாவினால், வால்வைத் திறக்குமுன் மண்ணைக் கிளறிப் பார்ப்பது நலம். உணரியை ஈரமண்ணில் புதைத்து, அதே மண்ணைக் குழைத்துச் சுற்றிலும் இடைவெளியின்றி அடைக்க வேண்டும்.

இரண்டு ஆழங்களில் வைத்தால் சிறப்பு. 20 சென்டிமீட்டரில் உள்ளது வேரின் பசியைச் சொல்லும். 45 சென்டிமீட்டரில் உள்ளது காவற்காரன். பாசனத்திற்குப்பின் ஆழத்து உணரியும் ஈரம் ஏறியதாகக் காட்டினால், நீர் வேரைக் கடந்து வீணாகிறது என்று பொருள். உரம் கலந்த நீர் விட்ட நாளில் எண்ணை அப்படியே நம்ப வேண்டா. ஒரே பெட்டியில் வந்த இரு உணரிகளும் ஒன்றுபோல் இரா. ஒவ்வொன்றுக்கும் தனிக்கோடு வேண்டும். மேட்டு மண்ணுக்குப் போட்ட கோடு பள்ளத்து மண்ணுக்கு உதவாது. மேலே நாம் தந்த 440, 504 முதலிய எண்களும் அந்தத் தோட்டத்துக்கு மட்டுமே உரியவை; அவற்றை எடுத்துத் தம் நிலத்தில் பயன்படுத்துதல் ஒருவர்க்கும் ஆகாது.

எளிய வழிகளும் உண்டு

இவ்வளவு சிரமம் எடுக்க இயலாதவர்க்கு வேறு கருவிகள் உள்ளன. டென்சியோமீட்டர் என்பது நீர் நிறைத்த குழாயின் நுனியில் நுண்துளைப் பீங்கான் கிண்ணம் பொருத்திய கருவி. மண்ணில் எவ்வளவு நீர் என்பதை அது சொல்வதில்லை. அந்நீரை இழுக்க வேர் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஆகவே ஒவ்வொரு மண்ணுக்கும் கோடு போடும் வேலை இல்லை. ஆனால் ஏறத்தாழ 80 கிலோபாஸ்கலுக்குமேல் மண் உலர்ந்தால் உள்ளே காற்று புகுந்து செயலற்றுப்போகும். லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல்வயலுக்கென்று வண்ணப் பட்டை இட்ட டென்சியோமீட்டரை உழவர்க்கு அறிமுகம் செய்திருக்கிறது.

நம் தமிழகத்தில் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் ஆக்கிய மண் ஈரங்காட்டும் கருவி, எண்ணுக்குப் பதில் விளக்குகளால் பேசுகிறது. நீலம் எரிந்தால் ஈரம் மிகுதி. பச்சை எனில் போதும். ஆரஞ்சு நிறம் எனில் நீர் விடலாம். சிவப்பு எனில் உடனே விட வேண்டும். எழுத்தறியாதவரும் கையாளத்தக்க நல்ல ஏற்பாடு. எனினும் தம் வயல்மண்ணில் அந்த விளக்குகள் எந்த ஈரத்தில் மாறுகின்றன என்பதை ஓரிரு டப்பா மண் எடுத்துப் பார்த்துக்கொள்ளுதல் வீண்போகாது.

சங்கத்துக் குடும்பங்களிற் பலருக்கு ஊரில் காணி இருக்கிறது. அண்ணன் தம்பியர் பார்த்துக்கொள்ளும் நிலத்திற்கு இங்கிருந்து இக்கருவிகளை வாங்கி அனுப்புவோரும் உளர். கருவியோடு ஒரு தராசையும் ஒரு வளையத்தையும் சேர்த்து அனுப்புக. உபயோகிக்கும் முறையையும் எழுதி அனுப்புக. ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்குப் பின், இரண்டு மூன்று டப்பா மண்ணேனும் எடுத்துப் பழைய கோடு நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுக. எண்களை ஓர் ஏட்டில் எழுதி, வால்வு திறக்கும் ஆளுக்கும் தெரியும்படி கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதி வைப்பதும் நன்று.

எமது இரும்பு வளையங்கள் மூன்றும், டப்பாக்கள் பன்னிரண்டும், தராசும் சங்க நூல்நிலைய அலமாரியில் வைக்கப்பட்டிருக்கின்றன. தேவைப்படும் அன்பர்கள் பதிவேட்டில் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். டப்பா ஒவ்வொன்றின் மூடியிலும் அதன் வெற்று எடை வெள்ளை வண்ணத்தில் எழுதப்பட்டுள்ளது.